உயிர்க்கடிகாரமும் நடுவயதுப் பெண்களின் இயக்குநீர் நலமும்

சிங்கப்பூர்ச் சாலைகளின் இருமருங்கிலும் குடை விரித்து நிற்கும் மழைமரத்தைத் தமிழர் தூங்குமூஞ்சி மரம் என்பர். மலாய் மொழியில் அதற்குப் 'பூக்குல் லீமா' என்றொரு பழம்பெயர் உண்டு. 'மணி ஐந்து' என்பது அதன் பொருள். பொழுது சாயத் தொடங்கியதும் அம்மரம் தன் சிற்றிலைகளைக் கூப்பிக்கொள்ளும் நேரத்தை வைத்து அப்பெயர் அமைந்தது. இன்று ஐந்து மணிக்கு அம்மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும்; இலைகள் இன்னும் விரிந்தே இருக்கும். மரம் மாறவில்லை. நம் கடிகாரந்தான் மாறிவிட்டது. அந்த மாற்றம் நம் வீட்டுப் பெண்களின் உறக்கத்தையும் தொடுவதால், கட்டுரையின் பின்பகுதியில் அதற்குத் திரும்புவோம்.

ஒளி குறைவதால் மட்டுமே இலை கூம்புகிறதா என்னும் வினாவை 1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலாளர் தெ மெரான் எழுப்பினார். இலை மடக்கும் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை அவர் இருட்டறைக்குள் வைத்தார். கதிரவன் ஒளி எட்டாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. வெளியே என்ன நேரம் என்பதை உள்ளிருந்தே கணக்கிடும் ஏதோ ஒன்று அச்செடிக்குள் இருந்தது. அந்த 'ஏதோ ஒன்று' மரபணுவில் எழுதப்பட்ட பொறியமைப்பு என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு தெளிவாக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்குகின்றன. அப்புரதம் உயிரணுவில் பெருகியதும் தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மீண்டும் எழுகிறது. இச்சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. உயிர்க்கடிகாரத்தின் அடிப்படை இவ்வளவே.

மனித உடலில் இக்கடிகாரத்தின் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியில், ஹைபோதலாமஸ் என்னும் பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட மிகச் சிறிய இணைக்கரு அது. அதன் இருப்பிடமே அதன் தொழிலைச் சொல்லும்: கண்ணுக்குள் வரும் ஒளியைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நம் விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கான உயிரணுக்களோடு, வெளிச்சத்தின் அளவை மட்டும் அளந்து இக்கருவுக்கு அறிவிக்கும் தனிவகை உயிரணுக்களும் உள்ளன. அவை நீல ஒளிக்கே மிகுதியும் விழிப்படைகின்றன. பகல் வானமும் நீலம். கைப்பேசித் திரையிலும் நீலக் கூறு மிகுதி என்பதை மாணவர்கள் அறிவார்கள்.

இவ்வொழுங்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சர்க்கேடியன்' என்னும் சொல்லை ஃபிரான்ஸ் ஹால்பெர்க் 1959இல் இலத்தீன் வேர்களிலிருந்து ஆக்கினார். 'ஏறத்தாழ ஒரு நாள்' என்பது அதன் பொருள். தமிழில் இதனை 'நாள் ஒழுங்கு' என்று பெயர்ப்பவர்கள் அந்த 'ஏறத்தாழ' என்னும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அறிவியல் நோக்கில் அதுதான் சொல்லின் உயிர்ப்பகுதி. மனித உடலின் உட்கடிகாரம் 24 மணி நேரம் ஓடுவதன்று. சராசரியாக 24 மணியும் சில நிமிடங்களும் ஓடுவது. பெண்களின் கடிகாரம் ஆண்களுடையதைவிட ஏறத்தாழ ஆறு நிமிடம் குறுகியது என்றும் அளந்திருக்கிறார்கள். ஆக, நாள்தோறும் சிறிது பிந்திப் போகும் கடிகாரத்தைக் காலை வெளிச்சம் நாள்தோறும் முன்னே தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. அத்திருத்தம் நடவாதபோது உடலின் நேரமும் உலகின் நேரமும் மெல்லப் பிரியத் தொடங்குகின்றன.

இனி இயக்குநீருக்கு வருவோம். ஹார்மோன் என்னும் சொல்லை எர்னெஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் வழக்கிற்குக் கொண்டுவந்தார். 'இயங்கச் செய்வது' என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து அது பிறந்தது. 'இயக்குநீர்' என்னும் தமிழாக்கம் மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது. இவ்வகையில் நம் கலைச்சொல்லாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆயினும் விளம்பரங்களிலும் நலவாழ்வுக் குறிப்புகளிலும் அடிக்கடி தென்படும் 'ஹார்மோன் சமநிலை' என்னும் தொடர் எனக்கு உடன்பாடானதன்று. சமநிலை என்றதும் தராசின் இரு தட்டுகள் அசையாமல் நிற்பது மனத்தில் தோன்றுகிறது. இயக்குநீர்கள் ஒருபோதும் அப்படி நிற்பதில்லை. கார்ட்டிசோல் விடியலை ஒட்டி உயர்ந்து, விழித்தெழும் வேளையில் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவில் அடங்குகிறது. மெலடோனின் இருட்டிய பின்னரே எழுகிறது. தைராய்டைத் தூண்டும் நீர் இரவில் மிகுகிறது. வளர்ச்சி நீர் முதல் ஆழ்ந்த உறக்கத்தோடு சுரக்கிறது. ஆகவே 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எப்போது' என்றும் கேட்க வேண்டும். காலை எட்டு மணிக்கு இயல்பாக இருக்கும் கார்ட்டிசோல் அளவே நள்ளிரவில் இருந்தால் அது நோயின் அறிகுறி. சமநிலை என்பதைவிடத் தாளம் என்பதே இதற்குப் பொருந்தும் சொல்.

இந்நாள் தாளத்தின் மேல் பெண்ணுடல் ஒரு மாதத் தாளத்தையும் சுமக்கிறது. இரண்டும் தனித்தனியே ஓடுபவை அல்ல. சூலகத்திலிருந்து அண்டம் வெளிப்படுவதற்குப் பிட்யூட்டரிச் சுரப்பி ஓர் இயக்குநீரைத் திடீரெனப் பெருமளவில் வெளியிட வேண்டும். எலிகளில் இப்பெருக்கு குறித்த பிற்பகல் வேளையில் மட்டுமே நிகழும். தலைமைக் கடிகாரக் கருவை அழித்துவிட்டால் அண்டம் வெளிப்படுவதே நின்றுவிடும். மனிதப் பெண்களில் கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமானதன்று. இருப்பினும் இப்பெருக்கு பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையே தொடங்குகிறது. கடிகார மரபணுக்கள் சூலகத்திலும் கருப்பையிலும் ஓடுகின்றன. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகளோ மூளையின் கடிகாரக் கருவிலேயே உள்ளன. சூலகம் கடிகாரத்தைக் கேட்கிறது. கடிகாரம் சூலகத்தைக் கேட்கிறது.

இரவும் பகலும் மாறி மாறிப் பணியாற்றும் பெண்களிடம் இவ்வுறவு வெளிப்படையாகத் தெரிகிறது. அமெரிக்கச் செவிலியரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பேராய்வில், சுழல்முறை இரவுப்பணி செய்வோரிடம் மாதவிடாய் ஒழுங்கின்மை மிகுந்திருந்தது. ஏறத்தாழ 80,000 செவிலியரின் 22 ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, அண்மைய இரண்டாண்டுகளில் 20 மாதமோ அதற்கு மேலோ அத்தகைய பணி செய்தவர்களுக்கு மாதவிடாய் உரிய காலத்துக்கு முன்பே நிற்கும் வாய்ப்பு 9 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 9 விழுக்காடு என்பது சிறிய வேறுபாடுதான். இரவுப்பணியே காரணம் என்று அது நிறுவிவிடவும் இல்லை. அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவமனைகளும் விமான நிலையமும் தொழிற்சாலைகளும் இரவெல்லாம் இயங்கும் நம் நாடுகளில் இக்கேள்வி நம் வீடுகளுக்கும் உரியது என்பதற்காகவே சொல்கிறேன்.

நடுவயது என்று நாம் எதைக் குறிக்கிறோம்? உலா நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்தன: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்கு இலக்கணத்தார் வகுத்த மேல் எல்லை நாற்பது. அதற்குப் பின் பெயரில்லை. காதலைப் பாடவந்த இலக்கிய வகை நாற்பதோடு நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பேசத் தமிழில் இன்றுவரை செம்மையான சொல் நிலைபெறாதது குறையே. 'தீட்டு நின்றுபோயிற்று' என்று வீட்டில் தாழ்குரலில் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பின் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அதனை மாதவிடாய் நிறைவு என்கிறது மருத்துவம். சிங்கப்பூரில் அது ஏறத்தாழ 49 வயதில் நிகழ்கிறது. ஆனால் நிறைவு என்பது ஒரு புள்ளி. அதற்கு முந்திய பல ஆண்டுகள் ஒரு பாதை. அந்தப் பாதையை இக்கட்டுரையில் மாறுகாலம் என்று அழைப்போம். தொல்லைகளில் பெரும்பகுதி இம்மாறுகாலத்திலேயே, மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே, தொடங்கிவிடுகிறது. ஆகையால்தான் 44 வயதில் உறக்கம் கெட்ட பெண்ணுக்கு 'உனக்கு இன்னும் அந்த வயசு ஆகலையே' என்னும் மறுமொழி கிடைக்கிறது.

மாறுகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைகிறது என்று பாடநூல் வரைபடங்கள் சாய்கோடு ஒன்றைக் காட்டும். உண்மை அவ்வளவு ஒழுங்கானதன்று. முதலில் தளர்வது புரோஜெஸ்டிரோன். அண்டம் வெளிப்படாத மாதங்கள் மிகும்போது அது சுரப்பதே இல்லை. ஈஸ்ட்ரோஜனோ சில வாரங்கள் முன்னிலும் உயர்ந்து, சில வாரங்கள் வீழ்ந்து, ஊசலாடும். இதனால்தான் 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஒருமுறை குருதி எடுத்து இயக்குநீர் அளவைப் பார்ப்பது பெரிதும் உதவாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அச்சோதனையைத் தேவையற்றது என்றே கூறுகிறது. இன்று எடுத்த அளவு அடுத்த வாரம் பொருந்தாது.

புரோஜெஸ்டிரோன் உடலில் சிதையும்போது உண்டாகும் பொருளொன்று மூளையை அமைதிப்படுத்தும் தன்மையுடையது. அது குறையும்போது உறக்கம் மெலிகிறது. அடுத்து வருவது திடீர் வெப்பம். 'குப்பென்று சூடேறுகிறது' என்று பெண்கள் சொல்வதைவிடத் துல்லியமான வருணனையை நான் எந்த மருத்துவ நூலிலும் கண்டதில்லை. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் வெப்பம் ஏறும், வியர்வை பெருகும், சில நிமிடங்களில் குளிர் நடுக்கம் வரும். நெடுங்காலம் இது மனத்தளர்ச்சியின் விளைவு என்று ஒதுக்கப்பட்டது. உண்மையில் ஹைபோதலாமஸில் உள்ள ஒருவகை நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அடக்கம் நீங்கியதும் அவை பருத்து, அளவுக்கு மீறிச் செயற்படுகின்றன. மாதவிடாய் நிறைவுற்ற பெண்களின் மூளையில் இவ்வணுக்கள் பருத்திருப்பதை நவோமி ரான்ஸ் கண்டறிந்தார். உடலின் வெப்பநிலைக் காவலனை அவை தூண்டுவதால், மிகச் சிறிய வெப்ப உயர்வையும் உடல் பேராபத்தாகக் கருதி வியர்வையைப் பெருக்குகிறது. இந்நரம்பணுக்களின் செய்தியைத் தடுக்கும் மாத்திரைக்கு 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மனத்தின் கற்பனை என்று தள்ளப்பட்ட ஒன்றுக்குக் குறிதவறாத மருந்து கிடைத்திருக்கிறது.

இங்கேதான் நாள்கடிகாரம் குறுக்கிடுகிறது. மாலையில் உடலின் உள்வெப்பம் உயர்ந்து, உறங்கத் தொடங்கும்போது இறங்கி, விடியலுக்குச் சற்று முன் மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. உறக்கம் வருவதற்கு அந்த இறக்கம் வேண்டும். திடீர் வெப்பம் அந்த இறக்கத்தை இடையில் குலைக்கிறது. மெலடோனினும் வயதோடு குறைகிறது. ஆகவே இரவு மூன்று மணிக்கு நனைந்த தலையணையோடு எழுந்து உட்காரும் பெண்ணிடம் இரு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் தாளம் தப்பியுள்ளன. மறுநாள் வகுப்பில் மாணவர் பெயர் நாவில் வராமல் தடுமாறுவதையும், சிறு கூச்சலுக்கும் எரிச்சல் கொள்வதையும் 'வயது' என்றோ 'குணம்' என்றோ பெயரிட்டு முடித்துவிடுகிறோம். அமெரிக்காவில் 1996இல் தொடங்கி 3,302 பெண்களைப் பின்தொடர்ந்த நெடுங்கால ஆய்வில், திடீர் வெப்பம் அடிக்கடி வருவோரிடம் அதன் நடுத்தரக் கால அளவு 7.4 ஆண்டுகள் எனத் தெரியவந்தது. சீன, ஜப்பானிய மரபினரிடம் அது குறைவு. அவ்வாய்வில் இந்திய மரபினர் தனிக்குழுவாகச் சேர்க்கப்படவில்லை. எனவே அவ்வெண்களை நம் பெண்கள்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லுதல் தகாது. ஆசிய நாடுகளின் ஆய்வுகள் பலவற்றில் திடீர் வெப்பத்தைவிட மூட்டுவலியும் தசைவலியுமே முன்னே நிற்கின்றன. வலியும் உறக்கத்தைக் கெடுப்பதே.

ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பூப்படையும் பருவத்தில் உயிர்க்கடிகாரம் பிந்திச் செல்கிறது. இளையோர்க்கு இரவு பதினொரு மணிக்கும் உறக்கம் வருவதில்லை. நடுவயதில் அதே கடிகாரம் முந்திச் செல்லத் தொடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் இவ்விரு மாற்றங்களும் ஒரே கூரையின்கீழ் நிகழ்கின்றன. பதினைந்து வயது மகள் விளக்கை அணைக்க மறுப்பாள். நாற்பத்தெட்டு வயதுத் தாய் ஒன்பதரைக்கே கண் செருகி, நான்கு மணிக்கே விழித்துக் கிடப்பாள். ஒருவரை மற்றவர் சோம்பேறி என்றும் சிடுமூஞ்சி என்றும் சொல்லிக்கொள்வர். இருவரும் தத்தம் இயக்குநீர்களின் சொற்படியே நடக்கிறார்கள்.

இப்போது பூக்குல் லீமா மரத்துக்குத் திரும்புவோம். சிங்கப்பூர் ஏறத்தாழ 103.8 பாகைக் கிழக்கு நெட்டாங்கில் உள்ளது. கதிரவனை வைத்துக் கணக்கிட்டால் நம் நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடமே முந்தியிருக்க வேண்டும். 1905இல் வகுக்கப்பட்ட நேரம் 7 மணி முந்தியதாக, ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. 1933இல் அதனை 20 நிமிடமும், 1941இல் மேலும் 10 நிமிடமும் முன்னே தள்ளினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் நடந்தது. போருக்குப்பின் பழைய ஏழரை மணிக் கணக்கு திரும்பியது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் உடன்சென்றது. அன்றிலிருந்து நாம் கிரீன்விச்சைவிட 8 மணி முந்தியிருக்கிறோம். கதிரவனைவிட ஒரு மணிக்கும் சற்றுக் கூடுதலாக முந்தியிருக்கிறோம். கதிரவன் உச்சியை அடைவது இங்கே பன்னிரண்டு மணிக்கன்று, ஏறத்தாழ ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு. கதிரவன் கணக்கில் ஐந்து மணியானால் நம் கைக்கடிகாரம் ஆறைக் கடந்திருக்கும். மரம் பழைய கணக்கையே வைத்திருக்கிறது.

தமிழர் வகுத்த சிறுபொழுதுகள் ஆறும் கதிரவன் கணக்கில் அமைந்தவை. வைகறை என்பது பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. அதனை இன்றைய சிங்கப்பூர், மலேசியக் கடிகாரத்தில் எழுதினால் மூன்று மணி ஐந்து நிமிடம் முதல் ஏழு மணி ஐந்து நிமிடம் வரை ஆகும். பள்ளிகள் ஏழரை மணியளவில் தொடங்குகின்றன. வீட்டில் சமைத்து வைத்துவிட்டுப் புறப்படும் ஆசிரியை ஐந்து மணிக்கு எழுகிறார். கதிரவன் கணக்கில் அது நான்கு மணி. ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்து பணிக்கு வரும் பெண்களுக்கு அது மூன்று மணியாகவும் இருக்கலாம். மாலையிலோ கதிரவன் ஏழு மணிக்கு மேலும் நிற்பதால் இருளும் பிந்தி வருகிறது. நேர வலயம் ஒன்றின் மேற்கு ஓரத்தில் வாழ்வோர் கிழக்கு ஓரத்தாரைவிட நாளொன்றுக்குச் சராசரி 19 நிமிடம் குறைவாக உறங்குவதாக அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நாமோ நம் வலயத்தின் மேற்கு ஓரத்திற்கும் அப்பால் இருக்கிறோம். நேரத்தை மாற்றக் கோருவது என் நோக்கமன்று. வணிகமும் அரசும் அதற்குக் காரணம் வைத்திருக்கின்றன. ஆனால் பொழுது புலராத வைகறையில் எழுந்து, கண்ணில் பகலொளி படாமலே வகுப்பறைக்குள் நுழைந்து, மாலை வரை உள்ளேயே இருக்கும் பெண்ணுக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளும் அந்தக் காலை வெளிச்சம் எப்போது கிடைக்கும்?

வகுப்பறை வெளிச்சம் போதாதா என்று கேட்கலாம். நல்ல வகுப்பறையின் ஒளியளவு 300 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் வெளியே அது 10,000 லக்ஸை எட்டும். நம் கண் எளிதில் பழகிக்கொள்வதால் இந்த இருபது மடங்கு வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. கடிகாரக் கரு உணர்கிறது.

வெளிச்சம் மூளையின் கடிகாரத்தைத் திருத்துவது போல உணவு நேரம் கல்லீரலின் கடிகாரத்தைத் திருத்துகிறது. இரவு முற்றிய பின் உண்ணும் சோற்றைக் கணையம் பகலில் உண்டதைப் போலக் கையாள்வதில்லை. மெலடோனின் எழுந்துள்ள வேளையில் இன்சுலின் தயங்கியே சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு இடுப்பு, தொடைப் பகுதிகளிலிருந்து வயிற்றுப் பகுதிக்கு நகர்கிறது. நீரிழிவு மிகுந்த தென்னிந்திய மரபினர்க்கு இவ்விரண்டும் சேர்வது நல்லதன்று. எல்லாரும் உண்டு முடித்தபின் ஒன்பதரைக்குத் தனியே அமர்ந்து எஞ்சியதை உண்ணும் தாய்மாரின் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அதனைத் தியாகம் என்று போற்றுவதைவிட, எட்டு மணிக்கு முன் அவருக்கும் சேர்த்து இலை போடுவது மேல்.

செய்யத்தக்கவை எளியவை; ஆயினும் அவற்றின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நேர ஒழுங்கு சூலகத்தை இளமையாக்காது. திடீர் வெப்பத்தை நிறுத்திவிடும் என்றும் யாரும் நிறுவவில்லை. அது உறக்கத்தின் அடித்தளத்தை வலுவாக்கும், அவ்வளவே. எழும் நேரத்தை வார இறுதியிலும் பெரிதும் மாற்றாதிருத்தல் முதலாவது. பகல் முற்பகுதியில் அரை மணி நேரமேனும் திறந்தவெளியில் இருத்தல் அடுத்தது. ஆசிரியர் ஒருவர் இடைவேளையைப் பணியாளர் அறையில் கழிக்காமல் திடலோரம் நடந்து கழித்தாலும் போதும். இரவில் வெண்ணிற விளக்கின்கீழ் விடைத்தாள் திருத்துவதை முடிந்தவரை முன்மாலைக்கு மாற்றலாம். பெற்றோர் பதினொரு மணிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு அப்போதே விடை எழுத வேண்டிய கடமை ஆசிரியருக்கு இல்லை என்பதைப் பள்ளிகளே சொல்லிவிட்டால் நன்று. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், அதற்கெனவே வகுக்கப்பட்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை மாறுகாலப் பெண்களுக்கும் பயன் தருவது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

இயக்குநீர் மாற்றுச் சிகிச்சை பற்றி நம்மிடையே நிலவும் அச்சம் 2002இல் அமெரிக்காவின் பேராய்வு ஒன்று இடையில் நிறுத்தப்பட்டபோது பரவியது. அவ்வாய்வில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63; அதாவது அவர்களுட் பெரும்பாலோர் மாதவிடாய் நிறைவுற்றுப் பல்லாண்டுகள் கழித்தே மருந்தைத் தொடங்கியவர்கள். அறுபது வயதுக்குள், அல்லது நிறைவுக்குப் பின் பத்தாண்டுகளுக்குள் தொடங்கும் நலமுடைய பெண்களுக்கு, தொல்லை கடுமையாயின், நன்மையே பெரும்பாலும் மிகுதி என்பது இன்று மருத்துவ அமைப்புகளின் பொதுக்கருத்து. மார்பகப் புற்றுநோய், குருதி உறைவு முதலியவற்றின் வரலாறு உடையவர்க்கு இது பொருந்தாது. இங்கும் 'எவ்வளவு' என்பதோடு 'எப்போது' என்பதும் விடையைத் தீர்மானிக்கிறது.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் ஒதுக்கும் நேரம் குறைவு. நம் அம்மாக்களோ 'உடம்பு சரியில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள். இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் உறங்கிய நேரம், விழித்த நேரம், வெப்பம் ஏறிய நேரம், மாதவிடாய் வந்த நாள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போனால் பேச்சு வேறாக அமையும். 'தூக்கமே இல்லை' என்பதைவிட, 'வாரத்தில் நான்கு இரவு, மூன்று மணியளவில் வியர்த்து விழிக்கிறேன். பிறகு ஐந்து வரை உறக்கமில்லை' என்பது மருத்துவருக்கு வழிகாட்டும். எழுதுவதற்குத் தயங்கும் தாய்க்குப் பள்ளி செல்லும் மகனோ மகளோ அட்டவணை போட்டுக் கொடுக்கலாம். படபடப்பும் வியர்வையும் தைராய்டுக் கோளாற்றிலும் வரும். உரத்த குறட்டையோடு பகல் அயர்வு இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம், மாதவிடாய் நிறைவுக்குப் பின் அது பெண்களிடம் மிகுகிறது. இவற்றைப் பிரித்தறியவும் குறிப்பேடு உதவும். ஓராண்டு மாதவிடாய் நின்றபின் மீண்டும் குருதி கண்டால், அது ஒரு துளியே ஆயினும், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; அதற்கு மட்டும் குறிப்பேடு நிரம்பும் வரை காத்திருக்கலாகாது.